விழித்திரையை வரைந்த அறிஞர்

நுழையும் முன்

அறிவியல் அறிஞர் ஒருவர் ஆய்வுக் கட்டுரை எழுதும்போது, தமக்கு முன் அத்துறையில் உழைத்தவர்களின் பெயர்களையும் நூல்களையும் குறிப்பிடுவது மரபு. இதனை மேற்கோள் காட்டுதல் என்பர். பெரும்பாலான ஆய்வுகள் சில ஆண்டுகள் மட்டுமே மேற்கோளாக நின்று, பின்னர் மறக்கப்படுகின்றன. ஆனால், கண்ணின் விழித்திரையைப் பற்றி 1893ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு இன்றும் மேற்கோளாகக் காட்டப்படுகிறது. அதனை எழுதியவர் சாந்தியாகோ ரமோன் இ கஹால் என்னும் ஸ்பெயின் நாட்டு அறிஞர். தொடக்கத்தில் அவர் எழுதிய மொழியை அறிவியல் உலகில் மிகச் சிலரே படித்தனர். படிப்பாரற்றுக் கிடந்த எழுத்து, மறக்க இயலாத எழுத்தாக மாறிய வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

பிறப்பும் இளமையும்

ஐரோப்பாக் கண்டத்தின் தென்மேற்கில் அமைந்த நாடு ஸ்பெயின். அதன் வடபகுதியில் பெத்தில்யா தே அரகோன் என்னும் மலையூர் உள்ளது. அங்கு 1852ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் கஹால் பிறந்தார். தந்தையார் ஹுஸ்தோ ரமோன். தாயார் அந்தோனியா கஹால். தந்தை பெயரையும் தாய் பெயரையும் சேர்த்து மகனுக்கு வழங்குவது அந்நாட்டு வழக்கம். அவர் பெயரின் இடையில் வரும் ‘இ’ என்னும் எழுத்துக்கு ஸ்பானிய மொழியில் ‘உம்’ என்பது பொருள்.

தந்தையார் அறுவை மருத்துவர். அவருடைய பணியின் பொருட்டுக் குடும்பம் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தது. அயெர்பே என்னும் ஊருக்குக் குடியேறியபோது, அவ்வூர்ச் சிறுவர்கள் புதிதாக வந்த சிறுவனின் உடையையும் பேச்சையும் கண்டு எள்ளினர். அச்சிறுவனுக்கு ஆறுதலாக அமைந்தது ஓவியமே. தாள் கிடைத்தால் தாளிலும், கிடைக்காவிட்டால் சுவரிலும் கதவிலும் வரைந்தான். மகன் மருத்துவனாக வேண்டும் என்று விரும்பிய தந்தைக்கு இது பிடிக்கவில்லை. ஊருக்கு வந்திருந்த சுவர்ப்பூச்சுக்காரர் ஒருவரிடம் மகனின் ஓவியத்தைக் காட்டிக் கருத்துக் கேட்டார். அவரோ, சிறுவனுக்கு ஓவியத்திறன் சிறிதும் இல்லை என்று தீர்ப்பளித்துவிட்டார். அன்றுமுதல் வரைகோலும் வண்ணமும் மறைத்து வைக்க வேண்டிய பொருள்களாயின.

பள்ளியிலும் அவன் நல்ல பெயர் எடுக்கவில்லை. பாடங்களை மனப்பாடமாக ஒப்பிக்கச் சொல்லும் முறை அவனுக்கு ஒத்துவரவில்லை. தானே செய்த பீரங்கியால் அண்டை வீட்டாரின் கதவைத் தகர்த்து, ஊர்ச்சிறையில் அடைபட்டதும் உண்டு. மகனுக்கு ஒழுங்கு கற்பிக்க எண்ணிய தந்தை, அவனை முதலில் முடிதிருத்துபவரிடமும் பின்னர்க் காலணி தைப்பவரிடமும் தொழில் பழக விட்டார்.

1868ஆம் ஆண்டுக் கோடையில் தந்தை வேறொரு வழியைக் கையாண்டார். பழைய இடுகாடு ஒன்றிலிருந்து மனித எலும்புகளைத் திரட்டி வந்து, அவற்றைக் கொண்டு மகனுக்கு உடலமைப்பைக் கற்பித்தார். எலும்பின் மேடு பள்ளங்களைக் கண்டதும் கஹாலின் கை தானாகவே வரைகோலைத் தேடியது. அவர் அவற்றை ஒன்றுவிடாமல் வரைந்தார். தந்தை வெறுத்த ஓவியமும் தந்தை விரும்பிய மருத்துவமும் அங்கே ஒன்று சேர்ந்தன.

மருத்துவரும் நுண்ணோக்கியும்

கஹால் சரகோசா நகரில் மருத்துவம் பயின்று 1873ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பின்னர் இராணுவ மருத்துவராகக் கியூபாத் தீவுக்கு அனுப்பப்பட்டார். அப்போது அத்தீவு ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. சதுப்பு நிலங்கள் சூழ்ந்த முகாமில் பணியாற்றிய அவரை மலேரியாக் காய்ச்சல் வாட்டியது. மெலிந்த உடலுடன் 1875ஆம் ஆண்டில் தாயகம் திரும்பினார்.

முனைவர் பட்டத்திற்காக 1877ஆம் ஆண்டில் தலைநகராகிய மத்ரித்துக்குச் சென்றபோது நுண்ணோக்கி வழியே உயிர்த்திசுக்களைக் கண்டு வியந்தார். கியூபாவில் ஈட்டிய ஊதியத்தின் சேமிப்பைக் கொண்டு தமக்கென ஒரு நுண்ணோக்கி வாங்கினார். வீட்டின் ஓர் அறையே ஆய்வுக்கூடமாயிற்று. பின்னர் நுரையீரல் நோய் தாக்கியது, அதிலிருந்தும் மீண்டார். 1879ஆம் ஆண்டில் சில்வேரியா என்னும் அம்மையாரை மணந்தார். காலப்போக்கில் ஏழு குழந்தைகள் பிறந்தனர். ஆசிரியரின் சிறு ஊதியத்தில் குடும்பத்தையும் ஆய்வையும் ஒருங்கே நடத்தியதில் அவ்வம்மையாரின் சிக்கனத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

1884ஆம் ஆண்டில் வாலென்சியாவில் உடலமைப்பியல் பேராசிரியராகப் பணியேற்றார். அடுத்த ஆண்டே அப்பகுதியில் காலரா நோய் பரவியது. நோயின் காரணத்தை ஆராய்ந்து கஹால் சரகோசா மாகாண நிருவாகத்துக்கு அறிக்கை அளித்தார். அதற்கு நன்றியாக நிருவாகத்தினர் அவருக்கு ஜெர்மனியில் செய்யப்பட்ட சிறந்த நுண்ணோக்கி ஒன்றை வழங்கினர். அக்கருவியே அவருடைய பிற்கால ஆய்வுகளுக்குத் துணையாயிற்று.

வலையா, தனித்தனி அணுக்களா?

உடலின் எல்லா உறுப்புகளும் தனித்தனி உயிரணுக்களால் ஆனவை என்பதை அக்கால அறிஞர்கள் ஏற்றிருந்தனர். ஆனால், மூளையையும் நரம்புகளையும் மட்டும் அவர்களுள் பலர் விதிவிலக்காகக் கருதினர். நரம்பு மண்டலம் முழுவதும் மீன்வலையைப் போல ஒன்றோடொன்று பின்னிய ஒரே தொடர்ச்சி என்பது அவர்கள் கொள்கை. வலையில் ஒரு நூல் எங்கே முடிகிறது, அடுத்த நூல் எங்கே தொடங்குகிறது என்று கூற இயலாது. அவ்வாறே நரம்பிழைகளுக்கும் தொடக்கமோ முடிவோ இல்லை என்று அவர்கள் எண்ணினர்.

இத்தாலிய அறிஞர் கமில்லோ கோல்ஜி 1873ஆம் ஆண்டில் ஒரு புதிய சாயமேற்றும் முறையை வெளியிட்டிருந்தார். உயிரியல் பாடத்தில் மாணவர்கள் படிக்கும் கோல்ஜி உறுப்புக்குப் பெயர் தந்தவர் இவரே. மூளைத் திசுவைப் பொட்டாசியம் டைகுரோமேட்டுக் கரைசலில் ஊறவைத்துக் கெட்டியாக்கி, பின்னர்ச் சில்வர் நைட்ரேட்டுக் கரைசலில் இட வேண்டும். அவ்வாறு செய்தால் மஞ்சள் பின்னணியில் சில நரம்பணுக்கள் மட்டும் கருமை நிறம் பெற்று, கிளை நுனிவரை தெளிவாகத் தெரியும். எல்லா அணுக்களும் கருமை பெறாததே இம்முறையின் சிறப்பு. அடர்ந்த காட்டில் எல்லா மரங்களும் ஒன்றையொன்று மறைக்கும். ஒரு மரம் மட்டும் தனித்துத் தெரிந்தால்தான் அதன் கிளைகளை எண்ண முடியும்.

1887ஆம் ஆண்டில் லூயிஸ் சிமார்ரோ என்னும் மருத்துவர், மத்ரித்தில் தம் இல்லத்தில் இம்முறையால் ஆக்கிய தகடுகளைக் கஹாலுக்குக் காட்டினார். கஹாலின் வாழ்வில் அது திருப்புமுனையாயிற்று. அவ்வாண்டே பார்சலோனா நகரத்துக்குப் பணி மாற்றம் பெற்ற அவர், கோல்ஜியின் முறையை மேம்படுத்தத் தொடங்கினார். திசுவை ஒரு முறைக்கு இரு முறை வெள்ளிக் கரைசலில் இட்டார். முதிர்ந்த விலங்குகளின் மூளைக்கு மாற்றாகக் கோழிக்கருவையும் இளங்குட்டிகளின் மூளையையும் தேர்ந்தார். முதிர்ந்த காட்டை ஆராய்வதைவிட இளங்கன்றுகளை ஆராய்வது எளிது என்பது அவர் கண்ட உத்தி.

பறவையின் சிறுமூளையை அவர் நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தார். இழைகள் அடுத்த அணுவின் அருகில் சென்று, அதனைத் தழுவி, அங்கேயே முடிவடைந்தன. அவை ஒன்றோடொன்று கலந்து வலையாகவில்லை. தீயணைக்க வரிசையில் நிற்போர் நீர்க்குடத்தைக் கைமாற்றித் தருகின்றனர். குடம் ஓடுகிறது, ஆனால் ஆள்கள் ஒட்டிக்கொள்வதில்லை. நரம்பு மண்டலத்திலும் செய்தி இவ்வாறே அணுவிலிருந்து அணுவுக்குக் கைமாறுகிறது என்பதைக் கஹால் உணர்ந்தார்.

படிப்பாரற்ற இதழ்

கண்டறிந்ததை வெளியிட இதழ் வேண்டும். அவர் விரும்பிய விரைவில் அவருடைய கட்டுரைகளையும் படங்களையும் வெளியிட ஏற்ற இதழ் இல்லை. எனவே, 1888ஆம் ஆண்டு மே மாதத்தில் கஹால் தாமே ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். அச்சுச் செலவு முழுவதும் அவருடையதே. அச்சிடப்பட்ட படிகள் அறுபது மட்டுமே. முதல் இதழிலேயே பறவையின் சிறுமூளையைப் பற்றிய கட்டுரையோடு, பறவையின் விழித்திரையைப் பற்றிய கட்டுரையும் இடம்பெற்றது. படிகளுள் பெரும்பாலானவற்றை ஐரோப்பிய அறிஞர்களுக்கு அஞ்சலில் அனுப்பினார்.

எதிர்பார்த்த மறுமொழிகள் வரவில்லை. அக்காலத்தில் ஜெர்மனும் பிரெஞ்சும் ஆங்கிலமுமே அறிவியலின் மொழிகளாக விளங்கின. ஸ்பானிய மொழியில் வந்த கட்டுரையைப் படிக்கத் தெரிந்தோர் சிலர். படிக்க விரும்பியோர் அவரினும் சிலர். சிலர் படங்களைப் பார்த்தும் நம்பவில்லை.

இந்நிலையில் மனம் தளர்ந்து ஆய்வைக் கைவிட்டிருந்தால், அக்கட்டுரைகள் நூலகங்களின் இருளில் உறங்கியிருக்கும். கஹால் இரண்டு செயல்களைச் செய்தார். தம் கட்டுரைகளைப் பிரெஞ்சில் பெயர்த்து, ஜெர்மனியில் வெளிவந்த இதழ்களுக்கு அனுப்பினார். அதுவும் போதாதென்று கண்டபின், தகடுகளையும் நுண்ணோக்கியையும் எடுத்துக்கொண்டு தாமே புறப்பட்டார்.

பெர்லின் மாநாடு

1889ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஜெர்மன் உடலமைப்பியல் கழகத்தின் மாநாடு பெர்லின் நகரில் நடைபெற்றது. கஹால் தம் சேமிப்பைச் செலவிட்டு அங்குச் சென்றார். அங்கிருந்தோருள் அவரை அறிந்தவர் அரியர். தட்டுத்தடுமாறிய பிரெஞ்சு மொழியில் தம் ஆய்வை விளக்கினார். ஆயினும், அவருடைய தகடுகளுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சிறுமூளை, விழித்திரை, தண்டுவடம் ஆகியவற்றின் நரம்பணுக்கள் கரிய கோட்டோவியங்களாக நுண்ணோக்கியின் கீழ் விரிந்தன.

ஐயத்துடன் குனிந்து பார்த்தவர்கள் வியப்புடன் நிமிர்ந்தனர். அவர்களுள் ஒருவர் ஆல்பர்ட் வான் கோல்லிக்கர். எழுபது வயதைக் கடந்த அவர், ஐரோப்பா முழுவதும் மதிக்கப்பட்ட திசுவியல் பேரறிஞர். அவர் அயல்நாட்டு இளைஞரைத் தம் வண்டியில் அழைத்துச் சென்று விருந்தளித்தார். பிற அறிஞர்களுக்கும் அறிமுகம் செய்தார். கஹாலின் ஆய்வுகளைத் தாமே மீண்டும் செய்து பார்த்து, அவை மெய் என்று உறுதிசெய்தார். தாம் முன்பு கொண்டிருந்த கருத்தையும் மாற்றிக்கொண்டார். கஹாலின் பெயர் மேற்கோளாக ஏறத் தொடங்கியது அதன் பின்னரே. 1891ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் வால்டையர் என்னும் ஜெர்மன் அறிஞர் நரம்பணுவுக்கு நியூரான் என்னும் பெயரைச் சூட்டினார்.

விழித்திரை காட்டிய வழி

கண்ணின் பின்புறச் சுவரில் படிந்துள்ள மெல்லிய படலமே விழித்திரை. அதன் தடிமன் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. கரு வளரும்போது மூளையிலிருந்தே அது முளைத்து வருகிறது. எனவே, விழித்திரையைக் கண்ணுக்குள் அமைந்த மூளையின் ஒரு பகுதி என்றே கூறலாம். மூளையின் பிற பகுதிகளில் செய்தி எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று அறிவது கடினம். விழித்திரையிலோ அது தெளிவு. ஒளியை ஏற்கும் அணுக்கள் ஒருபுறம். மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பு மறுபுறம். நரம்பு மண்டலத்தின் பொது விதியைத் தேடிய கஹால் விழித்திரையை விரும்பித் தேர்ந்ததற்கு இதுவே காரணம்.

கோல்ஜியின் முறையைக் கொண்டு விழித்திரையை முதலில் ஆராய்ந்தவர் இத்தாலியரான தார்த்துஃபெரி ஆவார். 1887ஆம் ஆண்டில் வெளிவந்த அவர் ஆய்வு, விழித்திரையிலும் வலைப்பின்னலைக் கண்டதாகக் கூறியது. கஹால் மீன், தவளை, பல்லி, பறவை, பாலூட்டி எனப் பலவகை உயிரினங்களின் விழித்திரைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அதன் பயனாக எழுந்ததே முதுகெலும்பிகளின் விழித்திரை என்னும் பெருங்கட்டுரை. அதனைப் பிரெஞ்சு மொழியில் எழுதி, பெல்ஜியம் நாட்டு இதழ் ஒன்றில் வெளியிட்டார். நூற்றுமுப்பது பக்கங்களுக்கு மேல் அமைந்த அக்கட்டுரை 1893ஆம் ஆண்டில் வெளிவந்தது. மறு ஆண்டே ஜெர்மன் மொழியிலும் நூலாயிற்று.

அவர் காட்டிய அமைப்பு வருமாறு: மங்கிய ஒளியில் பயன்படும் கோல் அணுக்களும், நிறங்களை அறிய உதவும் கூம்பு அணுக்களும் ஒளியை ஏற்கின்றன. அவை இருமுனை அணுக்களிடம் செய்தியைக் கைமாற்றுகின்றன. இருமுனை அணுக்கள் அதனை நரம்புத்திரள் அணுக்களிடம் சேர்க்கின்றன. நரம்புத்திரள் அணுக்களின் நீண்ட இழைகளே ஒன்றுகூடிப் பார்வை நரம்பாகி மூளைக்குச் செல்கின்றன. இவ்வழியின் குறுக்கே கிடைமட்ட அணுக்களும் வேறொரு வகை அணுக்களும் பக்கவாட்டில் பரவியுள்ளன. இறுதியாகக் கூறப்பட்ட வகைக்கு நீண்ட இழை இல்லாமையைக் கண்ட கஹால், அப்பொருள் தரும் கிரேக்கச் சொற்களால் அமக்ரைன் என்று பெயரிட்டார்.

மீன் முதல் மனிதன் வரை இவ்வடிப்படை அமைப்பு மாறவில்லை. ஒவ்வொரு வகை அணுவின் கிளைகளும் தமக்குரிய அடுக்கில் மட்டுமே பரவியதையும் அவர் குறித்தார். செய்தி, கிளைகளின் வழியே அணுவுக்குள் நுழைந்து, நீண்ட இழையின் வழியே வெளியேறுகிறது என்ற விதியை 1891ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தார். விழித்திரையும் முகரும் உறுப்பும் அவ்விதிக்குச் சான்றாயின. செய்தி செல்லும் திசையைக் காட்டத் தம் படங்களில் சிறு அம்புக்குறிகளை இட்டார். நரம்பு மின்சாரத்தை அளக்கும் கருவிகள் வளராத காலத்தில், அசைவற்ற இறந்த திசுவைக் கண்டு உயிருள்ள ஓட்டத்தை உய்த்துணர்ந்தது அவருடைய அறிவின் கூர்மையைக் காட்டுகிறது.

கஹால் கண்டதை உடனே வரைந்து முடித்துவிடுவதில்லை. பல தகடுகளைப் பார்ப்பார்; வரைவார்; மீண்டும் பார்ப்பார்; ஐயம் எழுந்தால் படத்தைத் திருத்துவார். அவர் விட்டுச்சென்ற ஓவியங்கள் ஏறத்தாழ மூவாயிரம். சுவர்ப்பூச்சுக்காரர் தகுதியற்றவை என்று ஒதுக்கிய கையின் ஓவியங்கள், இன்று அருங்காட்சியகங்களில் காட்சிக்கு வைக்கப்படுகின்றன.

ஒரே மேடையில் இருவர்

1892ஆம் ஆண்டில் கஹால் மத்ரித் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1894ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் கழகம் அவரைச் சிறப்புச் சொற்பொழிவுக்கு அழைத்தது. 1906ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கோல்ஜிக்கும் கஹாலுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. ஒருவர் முறையைத் தந்தவர். மற்றவர் அம்முறையால் உண்மையைக் கண்டவர். ஆயினும், கோல்ஜி இறுதிவரை வலைக்கொள்கையையே பற்றி நின்றார். ஸ்டாக்ஹோம் நகரில் ஆற்றிய நோபல் உரையிலும் நரம்பணுக் கொள்கையை மறுத்தார். மறுநாள் கஹால் தம் உரையில் சான்றுகளை வரிசைப்படுத்தி நரம்பணுக் கொள்கையை நிலைநாட்டினார். கருத்து மாறுபட்டபோதும், கோல்ஜியின் முறை இல்லாமல் தம் ஆய்வு இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை.

அரசு அவருக்கென ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து, ஆண்டுக்குப் பத்தாயிரம் பெசெத்தா ஊதியம் வழங்க முன்வந்தபோது, அது மிகுதி என்று கூறி ஆறாயிரமாகக் குறைக்கச் செய்தார். அமைச்சர் பதவியும் தேடி வந்தது, அதனை ஏற்கவில்லை. ரியோ ஓர்த்தேகா, லோரெந்தே தே நோ முதலிய மாணவர்கள் அவருடைய பள்ளியில் உருவாகிப் புகழ்பெற்றனர்.

அறுபது வயதைக் கடந்த பின்னும் விழித்திரை அவரை விடவில்லை. தோமிங்கோ சாஞ்செஸ் என்பவருடன் இணைந்து ஈ, தேனீ முதலிய பூச்சிகளின் பார்வை உறுப்புகளை ஆராய்ந்து 1915ஆம் ஆண்டில் வெளியிட்டார். பூச்சியின் சிறு கண்ணுக்குப் பின்னே, முதுகெலும்பிகளின் விழித்திரையை ஒத்த, அதனினும் நுட்பமான அமைப்பு இருப்பதைக் கண்டு வியந்தார்.

1933ஆம் ஆண்டில், எண்பது வயதைக் கடந்த நிலையில், வலைக்கொள்கை மீண்டும் தலைதூக்கியதைக் கண்டு, நரம்பணுக் கொள்கைக்குரிய சான்றுகளைத் தொகுத்துத் தம் தாய்மொழியில் எழுதினார். 1934ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் மத்ரித்தில் மறைந்தார்.

மேற்கோளாய் நிலைத்தவர்

கஹால் மறைந்தபோது வழக்கு முற்றிலும் முடிந்துவிடவில்லை. இரு நரம்பணுக்களுக்கு இடையே உள்ள இடைவெளியை அவருடைய நுண்ணோக்கியால் காண இயலாது. ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் கூறாக்கினால் வரும் ஒரு கூற்றளவே அந்த இடைவெளி. 1950களில் மின்னணு நுண்ணோக்கி அதனைக் காட்டியது. ஜான் டவ்லிங், பிரையன் பாய்காட் ஆகியோர் 1966ஆம் ஆண்டில் குரங்கு, மனிதன் முதலிய உயர்பாலூட்டிகளின் விழித்திரையை அக்கருவியால் ஆராய்ந்தபோது, கஹால் வரைந்த அணுக்களின் இணைப்புகளையே தேடிச் சென்றனர். 1972ஆம் ஆண்டில் அவருடைய விழித்திரை நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. எண்பது ஆண்டுகளுக்கு முந்தைய அறிவியல் நூலை வரலாற்றுக்காக மட்டுமன்றி, ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்துவதற்காகவும் மொழிபெயர்ப்பது அரிய நிகழ்வாகும்.

அவர் கூற்றுகள் அனைத்தும் அப்படியே நிலைக்கவில்லை. விழித்திரையின் சில அணுக்களுக்கு இடையே நேரடியாக மின்சாரம் பாயும் நுண்வாயில்கள் இருப்பதைப் பின்வந்தோர் கண்டனர். கோல் அணுக்களின் வழியும் கூம்பு அணுக்களின் வழியும் அவர் எண்ணியதைவிட மிகுதியாகக் கலக்கின்றன. அவர் காட்டிய பெருவகைகள் இன்று அறுபதுக்கும் மேற்பட்ட உட்பிரிவுகளாக விரிந்துள்ளன. ஆனால், திருத்தம் செய்தவர்களும் அவருடைய படத்தை முன்வைத்தே திருத்தினர். திருத்தப்படும் அளவுக்குத் தெளிவாக இருப்பதும் ஆய்வுக்கு ஒரு பெருமையே.

யார் எழுதியதை யார் மேற்கோள் காட்டினர் என்பதைத் தொகுக்கும் அறிவியல் மேற்கோள் அட்டவணையை யூஜின் கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கர் 1964ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன்பின் ஓர் ஆய்வின் தாக்கத்தை எண்ணிக்கையால் அளப்பது வழக்கமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதத் தொடங்கிய உயிரியல் அறிஞர்களுள், இன்றும் ஆண்டுதோறும் மேற்கோள் காட்டப்படுவோர் மிகச் சிலர். கஹால் அவர்களுள் ஒருவர். விழித்திரையை ஆராய்வோர் அவருடைய 1893ஆம் ஆண்டு நூலையும், பூச்சிகளின் பார்வையை ஆராய்வோர் 1915ஆம் ஆண்டு நூலையும் சுட்டுகின்றனர்.

எனினும், எண்ணிக்கை முழுக்கதையையும் கூறுவதில்லை. அமக்ரைன் என்னும் பெயரை எழுதுவோர் எல்லாரும் பெயரிட்டவரைக் குறிப்பிடுவதில்லை. நரம்பணுவின் படத்தில் அம்புக்குறி இடும் மாணவர் அதனை முதலில் இட்டவரை அறிந்திருப்பதில்லை. பெயரைச் சொல்லத் தேவையில்லாத அளவுக்குப் பொதுவுடைமையாகிவிடுவது மேற்கோளினும் பெரிய மேற்கோள்.

இவ்வரியைப் படிக்கும் கண்ணிலும் அவர் வரைந்த பயணம் நடந்துகொண்டே இருக்கிறது. தாளிலிருந்து புறப்பட்ட ஒளி, விழித்திரையின் எல்லா அடுக்குகளையும் ஊடுருவிக் கடைசி அடுக்கிலுள்ள கோல், கூம்பு அணுக்களைச் சேர்கிறது. அங்கிருந்து செய்தி வந்த வழியே திரும்பி, இருமுனை அணுவுக்கும், அதிலிருந்து நரம்புத்திரள் அணுவுக்கும், பின்னர் மூளைக்கும் கைமாறுகிறது. அப்போதுதான் எழுத்து எழுத்தாகிறது. அவ்வழியைக் கண்டவர், அதனை முதலில் தம் தாய்மொழியில், அறுபது படிகளில், சொந்தச் செலவில் அச்சிட்டார். உலகம் படிக்காதபோது தாய்மொழியை விட்டுவிடவும் இல்லை; உலகின் மொழியைக் கற்கத் தயங்கவும் இல்லை. இரண்டையும் கைக்கொண்ட உழைப்பே அவரை நிலைக்கச் செய்தது.

பயிற்சி

குறுவினா
1. மேற்கோள் காட்டுதல் என்றால் என்ன?
2. கஹாலின் பெயரில் இடம்பெறும் ‘இ’ என்பதன் பொருள் யாது?
3. கோல்ஜியின் சாயமேற்றும் முறையின் சிறப்பு யாது?
4. அமக்ரைன் என்னும் பெயர் எதனைக் குறிக்கிறது?

சிறுவினா
1. வலைக்கொள்கைக்கும் நரம்பணுக் கொள்கைக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடத்தில் வரும் உவமைகளைக் கொண்டு விளக்குக.
2. கஹால் தம் ஆய்வுக்கு விழித்திரையைத் தேர்ந்ததற்குக் காரணம் யாது?
3. திருத்தப்படுவதும் ஆய்வுக்குப் பெருமை எனப் பாடம் கூறுவது ஏன்?

நெடுவினா
கஹாலின் முதல் இதழ் படிப்பாரற்றுப் போனது முதல் பெர்லின் மாநாட்டில் அவர் ஏற்கப்பட்டது வரையிலான நிகழ்வுகளைத் தொகுத்து எழுதுக.

செயல்பாடு
ஓர் இலை அல்லது பூவைப் பத்து நிமிடம் உற்றுநோக்குக. பின்னர் அதனைப் பாராமல் வரைக. வரைந்த படத்தை மீண்டும் அப்பொருளுடன் ஒப்பிட்டு, விடுபட்டவற்றைத் தமிழில் ஐந்து வரிகளில் எழுதுக.